விஸ் வரை போதும்: டால்மேஷியத் தீவுகளில் ஒரு பாய்மர வாரம்

மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றிவர ஆசைப்படுகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்களை எண்ணுவதுதான். குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரை என்று முடிவாகிவிட்டால் பட்டியல் தானாகவே நீளும்: ட்ரோகிர், ஸ்ப்ளிட், ப்ராச், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, ம்ல்யெட், கடைசியில் டுப்ரோவ்னிக். குரோஷியக் கரை முழுவதிலும் தீவும் திட்டும் பாறையுமாக ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. மக்கள் நிரந்தரமாகக் குடியிருப்பது ஏறக்குறைய ஐம்பதில். இத்தனை இருக்கும்போது எதை விடுவது என்ற தவிப்பு வருவது இயல்பு. அந்தத் தவிப்பில்தான் பலரும் ஸ்ப்ளிட்டில் ஏறி டுப்ரோவ்னிக் வரை ஓடித் திரும்பும் நீண்ட பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கட்சி வேறு. ஸ்ப்ளிட்டிலிருந்து விஸ் தீவு வரை போய், ஹ்வாரைத் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட துறைக்கே திரும்பும் சின்ன வட்டம்தான் ஒரு வாரத்துக்கு ஏற்ற பயணம். நேரம் குறைவு, அதனால் சமாளித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை. இந்த ஊர்கள் ஏன் இங்கே இருக்கின்றன, ஏன் இந்த வடிவத்தில் இருக்கின்றன என்பது அந்தச் சின்ன வட்டத்தில்தான் நன்றாகப் பிடிபடும். நீண்ட பாதையில் அது கையை விட்டு நழுவிவிடும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இங்கே வாடகைப் படகுகளுக்கு வாரம் என்பது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. சனி மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகைக் கையில் கொடுப்பார்கள். பாய், கயிறு, நங்கூரம், உயிர்காப்புச் சட்டை, கழிப்பறை பம்பு எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு, ஒரு வாரத்துக்கான குடிநீரையும் காய்கறியையும் ஏற்றி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அடுத்த சனிக்கிழமை காலையில் படகைக் காலி செய்ய வேண்டும் என்பதால், பெரும்பாலான நிறுவனங்கள் வெள்ளி மாலையே துறைக்குத் திரும்பச் சொல்லிவிடும். ஆக ஏழு நாள் என்பது கையில் வரும்போது ஞாயிறு முதல் வெள்ளி வரையிலான ஆறு பகல்கள்தான். அதிலும் வெள்ளிக்கிழமை திரும்புவதற்கே போய்விடுகிறது. நாற்பதடிப் பாய்மரப் படகு நல்ல காற்றில் மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்; ஆகப் படகின் வேகம் ஒரு மிதிவண்டிக்காரர் நிதானமாகப் போகிற வேகம்கூட இல்லை. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கு, தீவுகளை வளைத்துப் போகும் வழியில், ஏறக்குறைய நூறு கடல் மைல். போய்த் திரும்பினால் இருநூறு. தினமும் ஆறேழு மணி நேரம் ஓடினால்தான் கணக்கு நேராகும். ஊருக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருக்கும், காலையில் ஊர் விழிக்கும்போது நீங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பீர்கள். விஸ் வட்டமோ மொத்தமே நூறு கடல் மைல் வாக்கில் முடிந்துவிடும். பாதி நாள் கடலில், பாதி நாள் ஊரில்.

தூரத்தைவிடப் பெரிய காரணம் காற்று. வாடை, கொண்டல், கச்சான் என்று நம் கடற்கரையில் பிரித்துச் சொல்வதுபோல ஏட்ரியாடிக் கடற்காரர்களும் காற்றுக்குத் திசையையும் குணத்தையும் வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மயிஸ்ட்ரல் என்பது கோடைக்காலத்துப் பகல் காற்று. வெயிலேறி நிலம் சூடாகும்போது, காலை பத்துப் பதினொரு மணிக்கு வடமேற்கிலிருந்து மெல்ல எழும். பிற்பகலில் நன்றாக வீசும். சூரியன் மறையும்போது அடங்கிவிடும். வானம் தெளிந்திருக்கும், அலை அளவோடு இருக்கும். பயணிகளுக்கு இதைவிட நல்ல காற்று வாய்க்காது. ஆனால் கரையும் பெரிய தீவுகளும் தென்கிழக்கு நோக்கி நீண்டு கிடப்பதால், இந்தக் காற்று டுப்ரோவ்னிக்குக்குப் போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். எதிர்காற்றில் பாய்மரப் படகு நேராகப் போக முடியாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் முன்னேற வேண்டும். நூறு மைல் தூரம் அதைவிட வெகுவாக நீண்டுவிடும். வெள்ளி மாலைக்குள் துறையைப் பிடிக்க வேண்டியவர்கள் அப்படி வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு டீசல் என்ஜினைப் போட்டுவிடுவார்கள். இந்தப் பாதையில் திரும்பும் பாதி பெரும்பாலும் என்ஜின் இரைச்சலில் கழிவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, திசைதான். விஸ் தீவு ஸ்ப்ளிட்டுக்குத் தெற்கே, சற்று மேற்கு தள்ளிக் கிடக்கிறது. வடமேற்குக் காற்று போகும்போதும் பக்கவாட்டில் வரும், வரும்போதும் பக்கவாட்டில்தான் வரும். பாய்மரப் படகு மிக நன்றாக ஓடுவது அப்படிப்பட்ட காற்றில்தான். பாய்மரப் பயணம் வேண்டும் என்று பணம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பயணத்தை உண்மையிலேயே தருவது இந்த வட்டம்.

காற்றும் தூரமும் விடுமுறைக்காரர்களின் கவலை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஊர்களைப் போட்டதே அவைதான். ஏட்ரியாடிக்கின் இத்தாலியப் பக்கம் பெரும்பாலும் தாழ்ந்த, ஆழமில்லாத, ஒதுங்க இடமில்லாத கரை. கிழக்குப் பக்கத்தில் கரையிலிருந்தே மலை எழுகிறது. தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும், தண்ணீர் ஆழம், தீவுகளின் மறைவில் எந்தக் காற்றுக்கும் ஒரு ஒதுங்குதுறை உண்டு. அதனால் கிரேக்கர் காலத்திலிருந்தே கப்பல்கள் இந்தப் பக்கத்தைத்தான் விரும்பின. வெனிஸ் நகரத்தின் துடுப்புக் கப்பல்கள் ஆளும் சரக்குமாக நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு போனவை. நிறைய துடுப்புக்காரர்கள், அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வைக்கக் கொஞ்சமே இடம். அடிக்கடி கரை ஒதுங்காமல் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. மலபார் மிளகை அலெக்ஸாண்ட்ரியாவில் வாங்கி ஏற்றிக்கொண்டு வெனிஸுக்குத் திரும்பிய கப்பல்களும் இந்தத் தீவுகளை ஒட்டித்தான் வந்தன. 1409-இல் நேப்பிள்ஸ் அரசன் லாடிஸ்லாஸ் டால்மேஷியா மீது தனக்கிருந்த உரிமையை ஒரு லட்சம் டுகாட்டுக்கு வெனிஸிடம் விற்றான். வெனிஸ் அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியது விளைநிலத்துக்காக இல்லை. இங்கே மண்ணைவிடக் கல்தான் அதிகம். வாங்கியது இந்தத் துறைகளின் சங்கிலியை. 1797-இல் குடியரசே வீழும்வரை அதை விடவுமில்லை. ஒரு துறையிலிருந்து அடுத்ததுக்குக் காலையில் கிளம்பி மாலைக்குள் போய்ச் சேரலாம் என்ற அளவில் ஊர்கள் அமைந்திருப்பது தற்செயல் கிடையாது. மணிக்கு ஐந்து கடல் மைலில் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

ஸ்ப்ளிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் 305-இல் தானாகவே பதவி விலகி வந்து தங்கிய அரண்மனைதான் இன்றைய பழைய நகரம். சற்று உள்ளே இருந்த சலோனா நகரம் 7-ஆம் நூற்றாண்டில் அழிந்தபோது தப்பி வந்தவர்கள் அரண்மனைச் சுவருக்குள் குடியேறினார்கள். அதற்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். நிலப்பக்கம் மூன்று திசைகளிலும் பெரிய வாசல்கள் உண்டு. தெற்கே, கடலைப் பார்த்த சுவரில் இருப்பது மட்டும் சின்ன வாசல். அலங்காரம் அதிகமில்லை, கோபுரங்கள் இல்லை. தரைவழியாக வந்து உலாச்சாலையில் நின்று பார்த்தால், பனைமரங்களுக்கும் காபிக் கடைக் குடைகளுக்கும் பின்னால் அது ஏதோ பின்வாசல்போலத் தெரியும். அந்த உலாச்சாலை பிற்காலத்தில் போட்டது. அரண்மனை கட்டிய காலத்தில் கடல் சுவரடிவரை வந்தது. படகு நேராக வாசலில் வந்து நின்றது. கடலிலிருந்து துறைக்குள் வரும்போது பாருங்கள். சுவரின் மேல்பாதியில் அரைத்தூண்களும் வளைவுகளுமாக ஒரு நீண்ட காட்சிமாடம் ஓடுகிறது. வளைவுகளை அடைத்து வீடுகள் கட்டியிருக்கிறார்கள், சன்னல்களில் துணி காய்கிறது. அந்த மாடம் முழுவதும் கடலிலிருந்து வருகிறவர் பார்ப்பதற்காக, கடலைப் பார்ப்பதற்காகக் கட்டியது. சின்ன வாசலில் நுழைந்தால் நிலவறை மண்டபங்கள், அங்கிருந்து படியேறினால் தூண்கள் சூழ்ந்த முற்றம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் அந்த வழியின் தொடக்கம் தண்ணீரில் இருக்கிறது.

இதைவிடத் தெளிவான சான்று ஹ்வார் தீவில் கிடைக்கும். என்னைக் கேட்டால் இந்த வாரத்தின் நடுநாயகம் விஸ்கூட இல்லை, ஹ்வாரின் மேற்கு முனையைச் சுற்றி வரும் அந்த மூன்று நான்கு மணி நேரம்தான். தீவின் வடக்குப் பக்கத்தில், நீண்டு உள்வாங்கிய குடாவின் அடியில் ஸ்டாரி கிராட் இருக்கிறது. கி.மு. 384-இல் ஈஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் அமைத்த ஃபாரோஸ் இதுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு: கப்பலுக்கு ஒதுக்குப்புறமான துறை, வயிற்றுக்கு விளைநிலம். குடாவுக்குப் பின்னால் தீவிலேயே பெரிய சமவெளி. அதை ஏறக்குறைய 900 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம் கொண்ட நீள்சதுரங்களாக அளந்து பங்கு போட்டார்கள். அந்த எல்லைகளில் எழுப்பிய கற்சுவர்களுக்கு நடுவே இன்றும் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. இருபத்துநாலு நூற்றாண்டாகக் கைமாறிக்கொண்டே வந்தும் கோடு மாறாத அந்த வயல்களை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாய்மரப் படகில் வந்து இறங்கி, துறையிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் வயலில் நிற்கலாம். சுவர் என்றால் சாந்து பூசிய சுவர் இல்லை. நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிய சுண்ணாம்புக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சில இடங்களில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குப் பருத்திருக்கும், ஏனென்றால் கல்லைக் கொட்ட வேறு இடம் இல்லை.

தீவின் தலைமை ஊர் இப்போது ஸ்டாரி கிராட் இல்லை, தெற்குக் கரையில் இருக்கும் ஹ்வார் நகரம். 1278-இல் தீவு வெனிஸின் பாதுகாப்பின் கீழ் வந்தபோது அதிகார மையம் அங்கே மாறியது. வெனிஸுக்கு வயல் முக்கியமில்லை. வெளிக்கடலில் போகும் கப்பல் பாதையைக் கண்ணால் பார்க்கும் இடம் முக்கியம். ஹ்வார் நகரத்தின் துறை அந்தப் பாதையைப் பார்த்துத் திறக்கிறது. எதிரே பக்லெனித் தீவுகள் அலையைத் தடுக்கின்றன. மேலே குன்றில் கோட்டை. துறை ஓரத்தில் நிற்கும் ஆயுதசாலையின் அகன்ற வளைவு, ஒரு துடுப்புக் கப்பலை அப்படியே உள்ளே இழுத்து வைத்துப் பழுது பார்ப்பதற்காக அமைத்தது. 1571-இல் ஒட்டோமான் படை ஊரை எரித்த பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். 1612-இல் அதன் மாடியில் பொதுமக்களுக்கென்று ஒரு நாடக அரங்கத்தையும் அமைத்தார்கள். கீழே கப்பல், மேலே நாடகம். சாலைவழியாக ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி நேரம். மலையைக் குடைந்த சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியேறினால் முடிந்தது, இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள் என்ற எண்ணம்தான் மிஞ்சும். படகில் பெலெக்ரின் முனையைச் சுற்றும்போது வேறு கதை. உள்வாங்கிய குடாவின் அமைதி முடிந்து, முனை தாண்டியதும் வெளிக்கடலின் நீண்ட அலை படகைத் தூக்க ஆரம்பிக்கும். உழவர்கள் அந்தப் பக்கம் ஏன் தங்கினார்கள், கடற்படை இந்தப் பக்கம் ஏன் வந்தது என்பது அந்த முனையில் உடம்புக்கே தெரிந்துவிடும்.

சின்ன வட்டத்தில் பார்க்க அவ்வளவு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஸ்டாரி கிராட்டுக்காரர் ஒருவரே பதில் சொல்லியிருக்கிறார். பேதர் ஹெக்டோரோவிச் (1487–1572) என்ற கவிஞர் இரண்டு மீனவர்களோடு ஹ்வாரிலிருந்து கிளம்பி ப்ராச், ஷோல்டா தீவுகள் பக்கம் மூன்று நாள் படகில் போய்வந்தார். அதை வைத்து அவர் எழுதிய நீண்ட கவிதை 1568-இல் வெனிஸில் அச்சானது. குரோஷிய இலக்கியத்தின் முதன்மையான நூல்களில் ஒன்று அது. பிரபு குலத்தைச் சேர்ந்தவர் அவர். கூட வந்தவர்கள் உழைத்துப் பிழைப்பவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் பாடிய பாடல்களை அப்படியே எழுதிவைத்து, மெட்டையும் இசைக்குறிப்பாகத் தந்திருக்கிறார். மூன்று நாளும் அவர்கள் போய்வந்த கடல், இன்றைய வாடகைப் படகுகள் முதல் நாளே அவசரமாகக் கடந்துவிடும் அதே கடல். அவர் கட்டிய வீடும் ஸ்டாரி கிராட்டில் இருக்கிறது: நடுவில் கடல்நீர் வந்துபோகும் மீன்குளம், சுற்றிலும் வளைவுகள், சுவரில் கல்வெட்டுகள். மடவை மீன்கள் இன்றும் அந்தக் குளத்தில் நீந்துகின்றன.

விஸ்ஸுக்கு வருவோம். பெரிய தீவுகளில் கரையிலிருந்து தள்ளி வெளிக்கடலில் நிற்பது இதுதான். அந்தத் தள்ளி நிற்றல்தான் இதன் வரலாறு முழுவதும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சிசிலியின் சிரக்யூஸ் நகரத்துக் கிரேக்கர்கள் இங்கே இஸ்ஸா என்ற குடியேற்றத்தை அமைத்தார்கள். ட்ரோகிர் இஸ்ஸாவின் கிளையாகத் தொடங்கிய ஊர். ஏட்ரியாடிக்கை ஆள நினைத்தவர்கள் எல்லாரும் இந்தத் தீவுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். 1811-இல் ஆங்கிலேயர்கள் இதன் அருகே பிரெஞ்சுக் கடற்படையை வென்றார்கள்; 1866-இல் ஆஸ்திரியக் கடற்படை இத்தாலியக் கடற்படையை வென்றது. 1944-இல் யுகோஸ்லாவிய எதிர்ப்புப் படையின் தலைவர் டிட்டோ இந்தத் தீவின் ஒரு மலைக்குகையிலிருந்து படையை நடத்தினார். அதன்பிறகு யுகோஸ்லாவிய ராணுவத் தளமாகி, 1989 வரை வெளிநாட்டவர் காலெடுத்து வைக்க முடியாத இடமாக இருந்தது. மற்ற தீவுகளில் அந்த ஆண்டுகளில் எழுந்த பெரிய ஓட்டல்கள் இங்கே குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

விஸ் நகரத் துறையில் மாலையில் படகு கட்டுவதைப் பாருங்கள். படகு பின்பக்கமாகக் கரைச்சுவரை நெருங்கும். துறைக்காரர் சுவரில் கட்டியிருக்கும் மெல்லிய கயிறு ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். படகில் இருப்பவர் அதை வாங்கி, வழுக்கும் பாசியும் ஒட்டியிருக்கும் சிப்பியும் கையைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டு, ஓரமாக நடந்து அணியம் வரை கொண்டுபோக வேண்டும். போகப்போக மெல்லிய கயிறு தடித்த வடமாக மாறும். அதன் மறுமுனை கடலடியில் ஒரு கான்கிரீட் பாளத்தில் கட்டியிருக்கிறது. முன்பக்கம் அதை இறுக்கி, பின்பக்கம் இரண்டு கயிறுகளைக் கரையில் கட்டி, ஒரு பலகையைப் போட்டால் ஊருக்குள் நடக்கலாம். பக்கத்துப் படகுக்காரர் கேட்காமலே கை கொடுப்பார். மேற்குக் கரையில் இருக்கும் கோமிஷா மீனவர் ஊர். அதன் மீனவர்கள் வெளிக்கடலில் 42 கடல் மைல் தள்ளியிருக்கும் பலக்ரூஷா தீவுக்குப் போய் மத்தி பிடித்தவர்கள். அங்கே கரையில் படகை ஏற்ற இடம் கொஞ்சம்தான் என்பதால், எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட்டுப் போட்டி போட்டுக்கொண்டு துடுப்பு வலித்தார்கள், பாய் விரித்தார்கள். அதற்கென்றே ஃபல்குஷா என்ற படகைச் செதுக்கினார்கள். பயணத்தில் அலை உள்ளே ஏறாமல் இருக்கப் பக்கப்பலகைகளை மாட்டிக்கொள்ளலாம். வலை போடும்போது கழற்றிவிடலாம். அருகில் பீஷெவோ தீவின் நீலக்குகைக்குத்தான் கூட்டம் அலைமோதுகிறது. கோடையில் அதற்காக விரைவுப் படகுகள் வரிசைகட்டும். காலையில் வரிசை நீண்டிருந்தால் குகையை விட்டுவிட்டுக் கோமிஷாவில் மீனவர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள் என்பேன்.

டுப்ரோவ்னிக்கைப் பார்க்காமல் என்ன டால்மேஷியப் பயணம் என்பதுதான் எனக்கு வரக்கூடிய பெரிய எதிர்ப்பு. நியாயமான கேள்வி. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு முழுமையாக நிற்கும் மதிலும், வெனிஸுக்கு ஈடுகொடுத்து 1808 வரை தனிக் குடியரசாக நின்ற வரலாறும் உள்ள நகரம் அது. ஆனால் படகில் போகிறவருக்கு அந்த நகரம் கடல்வழியாகத் திறப்பதில்லை. மதிலுக்கு அடியிலிருக்கும் பழைய துறை சின்னப் படகுகளுக்கானது. வாடகைப் பாய்மரப் படகுகள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, ஒரு நீண்ட குடாவின் உள்ளே கோமொலாட்ஸில் இருக்கும் படகுத் துறையில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து பேருந்து பிடித்துத்தான் மதில் வாசலுக்கு வரவேண்டும். நூறு மைல் கடலில் வந்து கடைசியில் பேருந்தில் நுழைவதைவிட, வாரம் முடிந்ததும் ஸ்ப்ளிட்டிலிருந்து பேருந்திலேயே போய் இரண்டு இரவு தங்குவது அந்த நகரத்துக்கும் மரியாதை. விடியற்காலையிலும் இரவிலும் அங்கே இருப்பது அவசியம். உல்லாசக் கப்பல் கூட்டம் அப்போதுதான் இருக்காது.

கோர்ச்சுலாவை விடச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. காற்றை வைத்து ஊர் போட்டதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஒரு முட்டை வடிவ முனையில், நடுத்தெருவிலிருந்து மீன்முள்போல இருபுறமும் தெருக்கள் பிரிகின்றன. மேற்குப் பக்கத் தெருக்கள் நேராக ஓடி, கோடையின் மயிஸ்ட்ரலை ஊருக்குள் விடுகின்றன. கிழக்குப் பக்கத் தெருக்கள் வளைந்து, குளிர்காலத்து பூரா என்னும் வடகிழக்குக் காற்றை உடைக்கின்றன. அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் விஸ்ஸை விட்டுவிடட்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் இரண்டுமே மாலை நேரத்து விளக்குகளாக மட்டும் நினைவில் நிற்கும்.

இதே தீவுகளுக்கு ஸ்ப்ளிட்டிலிருந்து அரசுக் கப்பல் நிறுவனத்தின் படகுச் சேவைகள் மலிவாக ஓடும்போது பாய்மரம் எதற்கு என்றும் கேட்கலாம். பணம் குறைவாக இருந்தால் தயங்காமல் அதிலேயே போங்கள்; தீவுவாசிகள் தினமும் போகிற கப்பல் அது. ஆனால் விரைவுப் படகு ஸ்ப்ளிட்டிலிருந்து ஹ்வாருக்கு ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும், வழி என்பதே இருக்காது. இந்த ஊர்களுக்கு வழிதான் முக்கியம் என்பதே என் வாதம். பாய்மரப் படகு பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணத்தையும் அளந்து பார்க்க வேண்டும். எட்டுப் பேர் படுக்கும் படகை எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டால் தங்குமிடமும் போக்குவரத்தும் ஒன்றாகிவிடுகின்றன, சமையலும் படகிலேயே. உரிமமும் ரேடியோ சான்றும் இல்லாதவர்கள் படகோட்டி ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு நாள் சம்பளம், ஓர் அறை, சாப்பாடு. உள்ளூர்ப் படகோட்டி கிடைத்தால் அந்தச் செலவு வீண்போகாது. கோடை உச்சியில் வாடகை ஏறும். ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் குறையும். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டதால், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா போதும்.

எதிர்ப்புகளில் என்னை உண்மையிலேயே நிறுத்தி யோசிக்க வைப்பது கடலைப் பற்றியது. இத்தனை படகுகள் வந்து நங்கூரம் போட்டால் கடலடி என்ன ஆகும்? பொசிடோனியா என்ற கடற்புல் மத்தியதரைக் கடலின் அடியில் வயல்போலப் படர்ந்திருக்கிறது. மீன்குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில்; நீரைத் தெளிய வைப்பதும், மணலைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். இழுபடும் நங்கூரம் ஒரு நிமிடத்தில் பெயர்த்துப்போட்டது திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இதற்கு ஆறுதல் வார்த்தை சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் இங்கேயும் சின்ன வட்டம் பக்கம்தான் நியாயம் சாய்கிறது. பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கே ஊரைச் சேர்கிறவர்களுக்குக் கரையில் இடம் கிடைக்கும், மிதவையில் இடம் கிடைக்கும். இருட்டில் வந்து சேர்கிறவர்கள்தான் கண்ணுக்குத் தெரியாத அடியில் நங்கூரத்தை எறிகிறார்கள். வெளிச்சத்தில் பார்த்தால் வெளிர்நீலம் மணல், கரும்பட்டை புல், மணலில் போடுங்கள். கழிவுத் தொட்டியைக் குடாவுக்குள் திறக்காதீர்கள். தீவுகளுக்கு வருகிறவர்கள் தேவையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலிவான இத்தாலியத் திராட்சை மது சந்தையை நிரப்பியது. பின்னாலேயே ஃபிலொக்ஸெரா என்னும் பூச்சி வந்து கொடிகளின் வேரைத் தின்றது. குடும்பம் குடும்பமாகச் சிலிக்கும் அமெரிக்காவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். விஸ்ஸில் இன்று மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் பாதிகூட இல்லை. இரண்டு நாள் ஒரே தீவில் தங்கி, அங்கே விளைந்த வூகாவா மதுவையோ ஒலிவ எண்ணெயையோ வாங்கி, உள்ளூர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களால் அந்தத் தீவுக்குக் கிடைக்கும் பயன், ஒரு மணி நேரம் இறங்கிப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களால் கிடைக்காது.

காற்று சொன்னபடி கேட்காத வாரங்களும் உண்டு. யூகோ என்னும் தென்கிழக்குக் காற்று ஓரிரு நாள் எடுத்துக்கொண்டு மெல்ல வலுக்கும். வானம் மூடி, ஈரம் பிசுபிசுத்து, அலை பெரிதாகும். சில நாட்கள் நீடிக்கவும் செய்யும். பூரா அப்படி முன்னறிவிப்புக் கொடுக்காது, மலையிலிருந்து இடிபோல இறங்கும். கோடையில் சீக்கிரம் ஓய்ந்தாலும் அந்தச் சில மணி நேரம் போதும், கயிறுகளைச் சோதித்துவிடும். டுப்ரோவ்னிக் திட்டத்தில் இப்படி ஒரு நாள் போனால் மொத்தக் கணக்கும் சரிந்து, இரவில் ஓட்ட வேண்டிய நெருக்கடி வரும். விஸ் வட்டத்தில் ஒரு நாளைத் தூக்கிப் போட இடமிருக்கிறது: கோமிஷாவைக் கைவிடலாம், ஸ்டாரி கிராட்டில் இன்னொரு இரவு இருக்கலாம், ப்ராச் தீவின் மில்னா துறையில் ஒதுங்கிக்கொள்ளலாம். மில்னாவுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் இடையே பத்துக் கடல் மைல் சொச்சம்தான். அதனால் நான் பாதையை இப்படி வைப்பேன்: ஞாயிறு மில்னா, திங்கள் விஸ், செவ்வாய் கோமிஷா, புதன் பக்லெனித் தீவுகளும் ஹ்வாரும், வியாழன் பெலெக்ரின் முனையைச் சுற்றி ஸ்டாரி கிராட். வெள்ளிக்கிழமை காலையிலேயே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பிற்பகலில் வாடகைப் படகுகள் எல்லாம் டீசல் நிரப்பிக்கொண்டு திரும்ப ஒரே நேரத்தில் வரும், எரிபொருள் துறையில் வரிசை நீளும்.